மலையூருக்கு ஒரு ஹெலிகாப்டர்

பிழைப்பின் நிமித்தம் ஊரை விட்டு வந்து நகரங்களிற் குடியிருக்கும் நம்மனோர் ஒவ்வொருவருக்கும் சம்பளமில்லாத இரண்டாம் உத்தியோகம் ஒன்று உண்டு. ஊரிலுள்ளோர்க்கு வேண்டிய சாமான்களை விசாரித்து, விலை பேசி, வாங்கி அனுப்புகின்ற உத்தியோகந்தான் அது. மருந்தடிக்கும் பம்பு, மூக்குக் கண்ணாடி, கல்யாணப் புடவை, கைபேசி என்று எதுவாயினும், "டவுனில் இருக்கிறவருக்குத் தெரியும்" என்று நம் தலையிற் கட்டிவிடுவார்கள். நமக்குத் தெரியாது என்று சொன்னாலோ, அதைத் தன்னடக்கம் என்பார்கள். அல்லது செலவுக்கு அஞ்சி நழுவுகிறார் என்பார்கள். பாலக்காட்டில் ரயில்வே குமாஸ்தாவாக இருக்கும் நாம் இந்த இரண்டாம் உத்தியோகத்தையும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வருகிறோம். ஆயினும் சென்ற வைகாசியில் வட்டவடையிலிருந்து வந்ததைப் போன்ற உத்தரவு அதுகாறும் வந்ததில்லை. அக்காள் மகன் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தான். அதற்குப் பரிசாக, ரேடியோ அலையால் இயக்கும் ஹெலிகாப்டர் ஒன்று வேண்டுமென்று கேட்டிருந்தான்.

வட்டவடையை அறியாத அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனையும் பாம்பாடும் சோலையையும் கடந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால், படிப்படியாக இறங்கும் தோட்டங்களோடு காட்சி தருவது நமது ஊர். கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அடுப்படியிலும் வயலிலும் வழங்குவது தமிழே. உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் பீன்சும் விளையும். எல்லாவற்றிற்கும் மேலாகப் பூண்டு விளையும். காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தப் பூண்டை விற்ற பணத்தில், மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் மாற்றுவதற்கென்று அத்தான் எடுத்து வைத்திருந்த 20,000 ரூபாயே இந்த ஹெலிகாப்டருக்கு மூலதனம்.

பணத்தை அனுப்பும்போது அத்தான் தொலைபேசியிற் சொன்ன வார்த்தைகள் இவை: "மாப்பிள்ளை, தகரம் இன்னும் ஒரு மழை தாங்கும். பையன் ஆசைப்படுகிறான், சரி. ஆனால் ஒரு வாரத்தில் இது உடைந்து மூலையில் கிடந்தால், மெஷின் படிப்பு, காலேஜ் என்கிற பேச்சு அதோடு நின்றுவிட வேண்டும். தோட்டம் இருக்கிறது."

பையனுக்கோ, மேல்நிலை வகுப்பு முடிந்ததும் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் விமானத் தொழில்நுட்பம் படிக்க வேண்டுமென்பது எண்ணம். 1949-ல் ஏற்பட்ட அந்தக் கல்லூரியில்தான் அப்துல் கலாம் அவர்கள் பயின்றார்கள் என்பது யாவரும் அறிந்ததே. அங்குள்ள ‘தக்ஷா’ மாணவர் குழு 2018-ல் ஆஸ்திரேலியா சென்று, ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் அக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். பையனின் சுவரில் அந்தக் குழுவின் படம் ஒட்டியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே நாம் வாங்கப் போவது விளையாட்டுச் சாமான் அன்று. அத்தானுடைய தீர்ப்புக்கு உரிய சாட்சிப்பொருள் என்பது விளங்கிற்று. சாட்சி பல்டி அடித்தால் வழக்குப் போயிற்று.

பையன் தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். உலோகத் தலையும் கரியிழைச் சட்டமுமாகப் பளபளக்கும் ‘450’ ரகம் அது. தலைகீழாகப் பறக்கும், குட்டிக்கரணம் போடும். பார்த்தால் நமக்கும் ஆசை வரத்தான் செய்தது. ஆனால் அதன் இறக்கை ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர் நீளம். நிமிஷத்துக்கு 2,500 சுற்று என்று வைத்துக்கொண்டால், இறக்கை நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெட்டிச் செல்லும். நம் இலாகாவின் மிக விரைவான வண்டியும் அதற்கு ஈடாகாது. 2013-ல் நியூயார்க் நகரத்துப் பூங்கா ஒன்றில், இதனினும் பெரிய ரகத்தை ஓட்டிப் பழகிய 19 வயது இளைஞர் ஒருவர், தம்முடைய ஹெலிகாப்டரின் இறக்கை பட்டே இறந்து போனார். பழகியவருக்கே அந்தக் கதி. முதல் ஹெலிகாப்டர் முகத்திற் பட்டாலும் பிளாஸ்திரியோடு போகத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது நாம் செய்துகொண்ட முதல் முடிவு.

"நான்கு விசிறி வைத்த ட்ரோன் வாங்கிக் கொடுத்தால் போயிற்று, அது தானே நிற்கும்" என்றார் அலுவலக நண்பர் ஒருவர். உண்மைதான். நான்கு மோட்டார்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து அது நிற்கிறது, நகர்கிறது. ஹெலிகாப்டரோ வேறு சாதி. மேல் விசிறி ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் சுழலப் பார்க்கும். அதைத் தடுக்கவே வால் விசிறி. முன்னே செல்ல வேண்டுமானால் மேல் விசிறியின் சுழற்சித் தட்டையே முன்புறம் சாய்க்க வேண்டும்; அதற்கென்று தண்டில் கோத்த சாய்தட்டு ஒன்றும், அதைத் தள்ளவும் இழுக்கவும் சர்வோ என்னும் சிறு மோட்டார்களும் உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றது அசையும். இந்தச் சிக்கலைத்தான் பையன் கற்க விரும்பினான். நிற்பதைப் பார்ப்பதற்கன்று, எப்படி நிற்கிறது என்று அறிவதற்காக வாங்குகிறவனுக்கு ட்ரோனைக் கொடுப்பது, தவில் கேட்டவனுக்கு டேப்ரிக்கார்டர் கொடுப்பதைப் போன்றது.

சிறிய ஹெலிகாப்டர்களில் மூன்று வகை உண்டு. ஒரே தண்டில் இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுழலும் இரட்டையடுக்கு வகை முதலாவது. ஒன்றின் திருகலை மற்றொன்று சமன் செய்துவிடுவதால் இது சாதுவானது. கூடத்திற்குள் குழந்தையும் ஓட்டலாம். வெளியில் சிறு காற்று அடித்தாலும் அதன் போக்கிலே போய்விடும். இரண்டாவது, ஒற்றை விசிறியும் சாய்வு மாறாத இறக்கையும் உடையது. இறக்கையின் கோணம் நிலையானதாகையால், உயர வேண்டுமானால் விசிறி வேகமாகச் சுழல வேண்டும், இறங்க வேண்டுமானால் மெதுவாகச் சுழல வேண்டும். கட்டளைக்கும் செயலுக்கும் இடையே ஒரு மூச்சு நேரம் கழியும். மூன்றாவது வகையில் விசிறியின் வேகம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்க, இறக்கையின் கோணம் மாறுகிறது. உண்மை ஹெலிகாப்டர்கள் இவ்வாறே இயங்குகின்றன. கட்டளை உடனே பலிக்கும். அதே காரணத்தால் தவறான கட்டளையும் உடனே பலிக்கும். இதைக் கண்டு அஞ்சியே பலரும் முதல் ஹெலிகாப்டருக்கு இரண்டாம் வகையைச் சிபாரிசு செய்வார்கள். சமவெளியிற் குடியிருப்போர்க்கு அது நல்ல யோசனைதான். நமது ஊருக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி.

மலையின் காற்றை இங்கே கணக்கிலே கொள்ள வேண்டும். பாலக்காடு கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரங்கூட இல்லை. வட்டவடைத் தோட்டங்களோ 1,500 மீட்டருக்கு மேற்பட்டவை. நம் அக்காள் வீடு 1,800-ஐ ஒட்டியது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் உள்ளதை 100 என்றால், ஏறத்தாழ 84 தான். விசிறி தூக்கும் விசை காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. சுழலும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஆகவே அதே எடையை அங்கே தூக்குவதற்குச் சாய்வு மாறாத விசிறி நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுதல் வேகத்திற் சுழல வேண்டும். கடைக்காரர் கொச்சியில் பறக்கவிட்டுக் காட்டிய சிறு மோட்டாரில் அந்த ஒன்பது பங்கு மிச்சமிருக்கிறதா என்பதை யார் பார்த்தார்கள்? மிச்சமில்லையாயின், எழும்பும், ஆனால் திணறும், காற்றை எதிர்த்து நிற்க அதனிடம் கையிருப்பு இராது. சாய்வு மாறும் வகையிலோ கோணத்தைச் சற்றுக் கூட்டினாற் போதும்.

உயரத்தால் உண்டாகும் இந்தத் தொல்லை உண்மை ஹெலிகாப்டர்களுக்கும் உண்டு. 2005 மே மாதத்தில் பிரெஞ்சு விமானி திதியே தெல்சால் எவரெஸ்ட் உச்சியில் ஹெலிகாப்டரை இறக்கியபோது உலகமே வியந்தது இந்தக் காரணத்தாலேயே. அதையும் விஞ்சியது செவ்வாய்க் கிரகத்துக்கு அமெரிக்கர் அனுப்பிய ‘இன்ஜெனுயிட்டி’. 1.8 கிலோகிராம் எடை, 1.2 மீட்டர் அகலமுள்ள இரட்டையடுக்கு விசிறி. செவ்வாயின் காற்று நம் பூமிக் காற்றில் நூற்றில் ஒரு பங்கு அடர்த்தியே உடையது. அங்கே 2021 ஏப்ரல் 19-ல் எழும்பி, ஐந்து முறை பறந்தாற் போதும் என்று அனுப்பப்பட்டது, 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. அதன் தலைமைப் பொறியாளர் ஜே. பாப் பலராம் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். 1960-களில் அவர் தென்னிந்தியாவில் சிறுவராக இருந்தபோது, குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அமெரிக்கக் கான்ஸல் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, விண்வெளி ஆராய்ச்சி பற்றிய புத்தகங்களைத் தருவித்தாராம். இதைப் படித்த அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கடிதத்துக்குத் தபால்தலைச் செலவுதான். நம்மிடம் 20,000 ரூபாய் இருக்கிறது.

இது நிற்க. அன்பர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான பகுதிக்கு வருவோம். ஹெலிகாப்டர் வாங்கச் செல்பவர் எவரும் உடலைத்தான் பார்க்கிறார்: நிறம், நீளம், உலோகமா பிளாஸ்டிக்கா என்று. நாம் பலரையும் விசாரித்து அறிந்தது யாதெனில், உடல் உடையப் போகிறது என்பதே. ஆறு மாதத்தில் இறக்கை, வால், தண்டு எல்லாம் மாறியிருக்கும்; ஓரிரு ஆண்டில் ஹெலிகாப்டரே மாறிவிடும். மாறாமல் நிற்பது கையிற் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர் ஒன்றே. ஆகையால் பணத்தின் பெரும்பகுதி அதற்கே போக வேண்டும். ஹெலிகாப்டரோடு பெட்டியிற் கூடவே வரும் டிரான்ஸ்மிட்டர் அந்த ஒரு ஹெலிகாப்டரோடு மட்டுமே பேசும். அது போனால் இதுவும் குப்பைக்குத்தான். தனியாக விற்பனையாகும் டிரான்ஸ்மிட்டர்களிலே, ரேடியோமாஸ்டர் போன்றவற்றின் சில ரகங்கள், பல தயாரிப்பாளர்களின் ‘மொழி’களையும் பேச வல்லவை. பியூட்டாபா மொழி பேசும் சிறு ஹெலிகாப்டரை இன்று ஓட்டலாம். நாளை வேறொன்று வாங்கினால், பெயரைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையும் ஓட்டலாம்.

இந்த ரேடியோ வித்தையை ரயில்வேக்காரர் எளிதில் புரிந்துகொள்ளலாம். முற்காலத்து மாதிரி விமானங்களில், அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸ் என்று அலைவரிசை ஒதுக்கி, அதற்குள் சிறு சிறு பாதைகளாகப் பிரித்திருந்தார்கள். ஒரே பாதையில் இருவர் டிரான்ஸ்மிட்டரை முடுக்கினால் இரண்டு விமானங்களும் விழும். அதற்காகப் பறக்கும் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, ஒவ்வொரு பாதைக்கும் ஓர் அடையாளக் குச்சி மாட்டியிருப்பார்கள். குச்சியை எடுத்தவர் மட்டுமே முடுக்கலாம். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் வெகுகாலம் வழங்கிய டோக்கன் முறையேதான் இது. டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கலாகாது. 2005-ஐ ஒட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவிய பிறகு டோக்கன் தேவைப்படவில்லை. டிரான்ஸ்மிட்டரும் ஹெலிகாப்டரிலுள்ள ரிசீவரும் முதலில் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்கின்றன. பிறகு நொடிக்குப் பல முறை பாதை மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. ஒரு பாதையில் இடைஞ்சல் இருந்தால் அடுத்த பாதையிற் செய்தி சேர்ந்துவிடும். நம் நாட்டில் இந்தப் பட்டைக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை.

செய்தி ஒரேயடியாக அறுந்துவிட்டால் என் செய்வது? பழைய கைகாட்டியை அன்பர்கள் நினைவிற் கொள்க. கம்பி அறுந்தால் எதிர்ப்பாரத்தின் கனத்தால் கைகாட்டி தானே ‘ஆபத்து’ நிலைக்குப் போய் நிற்கும். வண்டிக்கு வழி விட்டு நிற்காது. டிரான்ஸ்மிட்டரிலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அலை அறுந்தால் மோட்டாரை நிறுத்திவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். சொல்லி வைக்காவிடில், சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு, ஹெலிகாப்டரை அடுத்த மலைக்கு அனுப்பிவிடும். வாங்கிய அன்றே, இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டார் ஓடும்போது டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் நின்றால்தான் இறக்கையை மாட்டலாம். இந்தச் சோதனையைச் செய்யாத பொருளை நம் வீட்டுத் திண்ணையில் வைக்கவும் நாம் சம்மதியோம்.

அடுத்தது ஜைரோ. 1970-ஐ ஒட்டி ஜெர்மானியர் டீட்டர் ஷ்லூட்டர் இத்தகைய ஹெலிகாப்டரை முதன்முதலில் ஒழுங்காகப் பறக்கவிட்டு உலகுக்குக் காட்டியபோது, வால் இடமோ வலமோ திரும்புவதை ஒவ்வொரு கணமும் ஓட்டுபவரே கையாற் சரிசெய்ய வேண்டியிருந்தது. இன்று நகத்தளவு சில்லு ஒன்று அதைச் செய்கிறது. கைபேசியைத் திருப்பினால் படம் தானும் திரும்புகிறதல்லவா, அதற்குரிய இனத்துச் சில்லுதான். அதில் இருவகை உணர்விகள் உள்ளன. ஒன்று ‘எவ்வளவு வேகமாகத் திரும்புகிறேன்’ என்று சொல்லும். மற்றொன்று ‘தரை எந்தப் பக்கம்’ என்று சொல்லும். முன்னது மட்டும் இருந்தால் ஹெலிகாப்டர் சாய்ந்த கோணத்திலேயே நிற்கும். இரண்டும் சேர்ந்தால் கையை விட்டவுடன் தானே நிமிரும். கடையில் ‘ஆறு அச்சு’ என்று சொல்வது இதைத்தான். கற்கும் பிள்ளைக்கு ஆறு அச்சு வேண்டும். கற்றபின் அதை அணைத்துவிட ஒரு சுவிட்சும் வேண்டும். சாய்வு மாறும் வகை ஆபத்தானது என்ற அச்சத்தில் பாதி, இந்தச் சில்லு மலிவதற்கு முற்பட்ட காலத்தது.

மின்கலத்தைப் பற்றி நம் மலைவாசிகள் தனியே அறிந்துகொள்ள வேண்டும். லித்தியம் பாலிமர் என்னும் இந்தக் கலம் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும், பறக்காத நாட்களில் 3.8 அளவில் வைப்பது நலம். பெட்டியில் ‘450 எம்.ஏ.எச்., 25 சி’ என்று போட்டிருந்தால், 0.45-ஐ 25-ஆற் பெருக்கிக் கிடைக்கும் 11.25 ஆம்பியர் வரை அது தரவல்லது என்று பொருள். உப்பிய கலத்தை மறுபடியும் சார்ஜ் செய்யலாகாது. சார்ஜ் செய்யும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகவும் கூடாது, தீப்பற்றும் பொருள்.

இதில் வட்டவடைக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. வெயில் ஏறினால் சரிவிலே காற்று மேல்நோக்கி எழும்பத் தொடங்கும். யூகலிப்டஸ் மரங்கள் சலசலக்கத் தொடங்கியபின் சிறு ஹெலிகாப்டருக்கு வேலையில்லை. காற்று அசையாதிருப்பது விடியற்காலையில். ஆனால் மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் நமது ஊரின் குளிர் எலும்பைத் தொடும். குளிர்ந்த லித்தியம் கலமோ பாதி உறக்கத்தில் இருக்கும், கேட்ட மின்சாரத்தைத் தராது. காற்றுக்கு விடியல் வேண்டும், கலத்துக்கு வெயில் வேண்டும். கம்பளிச் சட்டையின் உட்பையில் கலத்தை வைத்திருந்து, பறக்கவிடும் நேரத்தில் எடுத்து மாட்டுவதே இதற்கு வழி. கோழி அடைகாப்பதைப் போல என்று அக்காள் சிரித்தாள்.

ஏழெட்டு மாதங்களுக்கு முன் மூணாற்றுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, வெளியூர்க் கடை ஒன்றில், பெயரே தெரியாத தயாரிப்பில் பெரிய ஹெலிகாப்டர் வாங்கியதை இங்கே சொல்லவேண்டும். இரண்டாம் நாளில் வால் தண்டு வளைந்தது. கடைக்காரரிடம் கேட்டால், உதிரி பாகம் கிடையாது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பையன் இப்பொழுது அதைப் பற்றிப் பேசுவதே இல்லையாம். ஆகவே கடையில் நாம் கேட்ட முதற் கேள்வி, "விலை என்ன?" என்பதன்று, "மேல் இறக்கை எத்தனை ஜோடி இருப்பில் இருக்கிறது? வால் மோட்டார் உண்டா? பல்சக்கரம் உண்டா?" என்பதே. வெளிநாட்டிலிருந்து நேரே தருவிக்கலாம் என்று சிலர் கூறினர். 2022 பிப்ரவரியில் ட்ரோன்களை முழு உருவில் இறக்குமதி செய்வதை மத்திய சர்க்கார் தடுத்து, பாகங்களுக்கு மட்டும் தடையில்லை என்று அறிவித்தபின், சுங்கத்திலே பொட்டலம் எந்தப் பெயரைப் பெறும் என்று காத்திருக்க நமக்கு மனமில்லை. உள்நாட்டில் இருப்பு வைத்திருப்பவரிடமே வாங்கினோம்.

எடை விஷயத்திலும் சட்டம் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், 250 கிராமுக்கு மேற்படாத கருவிகளை ‘நானோ’ என்று வகுத்து, அவற்றை ஓட்டுவோர்க்கு விமானி சான்றிதழ் வேண்டாம் என்றன. ஆனால் எங்கே பறக்கலாம் என்பது வேறு விஷயம். பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. குறிஞ்சிமலை 2006 முதல் சரணாலயம். காட்டெருமையின் தலைக்கு மேல் ரீங்காரம் செய்யப் பையனுக்கு உரிமையில்லை. வனத்துறையாரின் அனுமதியின்றி அந்தப் பக்கம் திரும்பவே கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். விதிகள் மாறக்கூடியவை, வாங்குவோர் அவ்வப்போது டிஜிட்டல் ஸ்கை தளத்திற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிவாக நாம் வாங்கியது இது. டிரான்ஸ்மிட்டர் 8,500 ரூபாய். ஹெலிகாப்டர், எக்ஸ்.கே. கே110 என்னும் சிறு ரகம், டிரான்ஸ்மிட்டர் இல்லாமல், 7,800 ரூபாய். நூறு கிராமுக்குக் குறைந்த எடை, சாய்வு மாறும் இறக்கை, பிரஷ் இல்லாத மோட்டார், ஆறு அச்சுச் சில்லு, அதை அணைக்கும் சுவிட்சு. மிச்சம் 3,700 ரூபாயில் மின்கலம் நான்கு, நல்ல சார்ஜர் ஒன்று, மேல் இறக்கை மூன்று ஜோடி, வால் விசிறி ஐந்து. குச்சிகளின் அமைப்பு ‘மோடு 2’. கோயமுத்தூரில் இவனுக்குச் சந்தேகம் தீர்க்கச் சம்மதித்திருக்கும் அன்பர் அந்த மோடிலே ஓட்டுகிறவர். கற்பிப்பவரின் மோடு எதுவோ, கற்பவனுடையதும் அதுவேயாக இருப்பது நல்லது.

உடுமலைப்பேட்டை வரை ரயிலிலும், பிறகு மறையூர் வழியே பஸ்ஸிலுமாகப் பொட்டலத்தை நாமே கொண்டு சென்றோம். ஆனால் பையன் கையில் முதலிற் கொடுத்தது டிரான்ஸ்மிட்டரை மட்டுமே. அதைக் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்தால், திரையில் தோன்றும் பாவனை ஹெலிகாப்டரை ஓட்டிப் பழகலாம். எத்தனை முறை விழுந்தாலும் காசில்லை. அவனுடைய தமக்கை கல்லூரிக்கென்று வாங்கிய மடிக்கணினி இதற்குப் பயன்பட்டது. வால் தன்னைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினால்தான் ஹெலிகாப்டர் பெட்டி திறக்கப்படும் என்று நிபந்தனை விதித்தோம். பையன் முகம் சுண்டிவிட்டது. "மாமா, இதற்கா இரண்டு பஸ் ஏறி வந்தீர்கள்?" என்றான். பெட்டியை அத்தான் வாங்கி, பூண்டு விதை வைக்கும் பரண்மேல் வைத்துவிட்டார்.

முப்பத்தாறு நாள் கழித்துப் பரணிலிருந்து பெட்டி இறங்கியது. அறுவடை முடிந்த உருளைக்கிழங்குப் படிக்கட்டு ஒன்றில், பழைய கோணிகளை விரித்து, மேல் இறக்கையில்லாமல் கைகாட்டிச் சோதனை முடித்து, பிறகு இறக்கை மாட்டி, காலை ஆறரை மணிக்கு எழுப்பியிருக்கிறான். நாம் அப்பொழுது அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். கைபேசியில் அக்காள் பிடித்த படம் வந்தது. ஹெலிகாப்டர் படத்தில் தெரியவில்லை. ஒரு சிறு கறுப்புப் புள்ளியும், அதைப் பார்த்து அண்ணாந்து நிற்கும் அத்தானுந்தான் தெரிந்தார்கள்.

இன்று நாலாம் மாதம் நடக்கிறது. இதுவரை செலவானவை மேல் இறக்கை ஒரு ஜோடி, வால் விசிறி மூன்று. ஒரு பல்சக்கரத்தைப் பையன் தானே கழற்றி மாற்றினான். அதைச் செய்யும்போது அத்தான் அருகில் உட்கார்ந்து டார்ச் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தாராம். படிப்பைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. "இதே மாதிரிப் பெரியதாக இருந்தால் பீன்சுக்கு மருந்தடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அடிக்கலாம், அதற்கென்றே ட்ரோன்கள் இருக்கின்றன, அவற்றை ஓட்டச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் படிப்பு வேண்டும் என்று பதில் சொன்னோம். மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை.

மூக்கு தன்னை நோக்கி நிற்குமாறு நிறுத்தும் வித்தை பையனுக்கு இன்னும் கைகூடவில்லை. அப்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். கை ஒன்று நினைக்க மூளை ஒன்று நினைக்கும். திரையில் அதைப் பழகிக்கொண்டிருப்பதாகவும், பத்து நிமிஷத்துக்கு மூன்று முறை விழுவதாகவும் நேற்றுச் செய்தி வந்தது.